பச்சோலியை வாலிலிருந்து பழகுவது

பச்சோலி என்பது சென்ட்டுகளில் சேரும் ஓர் இலை எண்ணெய். அதை முதல் தடவை முகர்ந்தவர்கள் சொல்லுவது கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான். ஈர மண், பூஞ்சணம் பிடித்த அலுமாரி, பழைய மருந்துக்கடை, உரித்த பீட்றூட் தோல். இதில் ஒன்றும் பொய் இல்லை. அந்த எண்ணெயின் முதல் அரை மணித்தியாலம் உண்மையிலேயே அப்படித்தான். அதிலும் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, தொங்கவிட்ட சேர்ட்டெல்லாம் புழுங்கல் வாடை அடிக்கும் கொழும்பில், இன்னொரு புழுங்கல் வாடையைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். ஆனாலும் "எனக்குப் பச்சோலி சரிவராது" என்பவர்களில் அநேகர் அதைக் கூடின அளவில், பிழையான நேரத்தில் சந்தித்தவர்கள். அளவையும் நேரத்தையும் திருத்தினால் மூக்கு தானாகவே வழிக்கு வரும்.

செடியைப் பற்றிக் கொஞ்சம். துளசி, கற்பூரவள்ளி இரண்டும் இதன் குடும்பம். வாசனைத் தொழிலுக்குப் போகும் இனம் பொகோஸ்டெமன் காப்ளின். உலகச் சந்தைக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தோனேசியாவில், சுமாத்திரா, சுலவேசித் தீவுகளில் விளைகிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் பொகோஸ்டெமன் ஹெய்னியானஸ் அதற்கு உறவுதான், மணம் வேறு. ஆகவே யாராவது வீட்டுத் தோட்டத்தில் காட்டும் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். காப்ளினின் பச்சை இலையை வைத்தும் எண்ணெயைக் கணிக்க முடியாது. பறித்த இலையை நிழலில் உலர்த்தி, குவித்து, இலேசாகப் புளிக்கவிட்ட பிறகுதான் இலைக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெய் சுலபமாக வெளியே வரும். அதன் பின் பல மணித்தியாலம் நீராவியில் வடிப்பார்கள். உலர்ந்த இலை 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல வடிப்பு.

இரும்புக் கலத்தில் வடித்தால் இரும்பு எண்ணெயில் இறங்கி அது கடுங்கபில நிறமாகும். துருப்பிடிக்காத உருக்குக் கலத்தில் வடித்தது வெளிர் மஞ்சளாக இருக்கும். கறுத்தது அசல், வெளிறியது கலப்படம் என்று ஒரு கதை உண்டு, நம்ப வேண்டாம். நிறம் சொல்லுவது பாத்திரத்தைப் பற்றி. தொடங்குபவர்களுக்கு வெளிறிய எண்ணெய்தான் நல்லது, அதில் அந்தக் காறல் வாடை குறைவு. கறுத்த எண்ணெய் வெள்ளைத் துணியில் கறையும் வைக்கும்.

எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பச்சோலோல் என்ற பொருள். தனியே பிரித்தெடுத்தால் அது அறை வெப்பத்தில் பளிங்காக நிற்கும், உருக 56 பாகை செல்சியஸ் வேண்டும். இவ்வளவு பாரமான பொருள் காற்றில் ஏற அவசரப்படாது. எலுமிச்சை எண்ணெய் ஒரு மணித்தியாலத்தில் காலியாகும் இடத்தில் பச்சோலி வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அதோடு நொர்பச்சோலினோல் என்று ஒன்று. எண்ணெயில் மிகச் சிறிய அளவே இருந்தாலும் மணத்தில் அதன் பங்கு பெரிது.

இப்போது வாசனையை முகர்ந்து பார்க்கும் தாள் பட்டியில் என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பார்ப்போம். வாசனைப் பட்டி கிடைக்காவிட்டால் தடித்த சித்திரத் தாளை ஒரு சென்ரிமீற்றர் அகலம், பன்னிரண்டு நீளத்தில் வெட்டிக்கொண்டால் போதும். நுனியை 10 வீதக் கரைசலில் (செய்யும் முறை கீழே) ஒரு சென்ரிமீற்றர் தோய்த்து நிறுத்துங்கள். முதலில் கற்பூரம் மாதிரி ஒரு குத்து, அதோடு சேர்ந்து பச்சைத் தழை. பிறகு ஈர மண் மேலே வந்து மற்றதையெல்லாம் மூடும். பெரும்பாலானவர்கள் பட்டியைக் குப்பைக்கூடையில் போடுவது இந்தக் கட்டத்தில். ஒரு மணித்தியாலம் கழித்துக் கற்பூரம் ஒதுங்கியிருக்கும், உலர்ந்த மரம் தெரியும். நான்கைந்து மணித்தியாலத்தில் மரத்துக்குள்ளிருந்து ஓர் இனிப்புக் கிளம்பும். சீனி போடாத கொக்கோவுக்கும் பழைய திராட்சை மதுவுக்கும் நடுவே எங்கேயோ. அடுத்த நாள் காலையில் மண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மிஞ்சியிருப்பது மிருதுவான, கொஞ்சம் தூள் தன்மையான மர வாசனை. ஏசி அறையில் இந்த ஓட்டம் மெதுவாக இருக்கும், 31 பாகை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே விரைந்துபோகும்.

இதிலிருந்து வருவதுதான் முறை. பச்சோலியைத் தலையிலிருந்து பழகாதீர்கள், வாலிலிருந்து பழகுங்கள். இரவு சாப்பாடு முடிந்த பின் பட்டியைத் தோய்த்து, நீங்கள் படுக்காத அறையில் வைத்துவிட்டுப் போங்கள். அன்று முகரவே வேண்டாம். காலையில் தேநீருக்கு முன் இரண்டு தடவை, பட்டியை மூக்கிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து முகர்ந்துவிட்டு நகருங்கள். ஒரு கிழமை அளவுக்கு இவ்வளவே. அது பிடித்துப்போன பிறகு மாலையில் தோய்த்து இரவு படுக்கப்போகும்போது முகரலாம். அடுத்ததாக ஒரு மணித்தியாலப் பட்டி. புதிதாய்த் தோய்த்த பட்டி கடைசியில் வரட்டும். இப்படி வந்தவர்களுக்கு அந்த ஈர மண் ஒரு முன்னறிவிப்பாகிவிடும், பின்னால் என்ன வரப்போகிறது என்று மூக்குக்குத் தெரிந்திருக்கும்.

பலமுறை சந்தித்தாலே எதுவும் பிடிக்கத் தொடங்கும் என்று உளவியலில் ஒரு கருத்து உண்டு. ரொபர்ட் சயன்ஸ் (Zajonc) என்ற உளவியலாளர் 1968இல் எழுதியது. சாதாரணமாகத் தோன்றும் பொருள்களுக்கு அது பொருந்தும். தொடக்கத்திலேயே அருவருப்புத் தந்த ஒன்றைத் திரும்பத் திரும்பத் திணித்தால் வெறுப்புக் கூடவும் செய்யும். நாளுக்கு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திறந்து பார்ப்பவர்கள் கடைசிவரை பழகாமலே போவது இதனால்.

கரைசல் செய்யச் சொட்டுக் கணக்கு உதவாது. பச்சோலி தடித்த எண்ணெய், ஒவ்வொரு சொட்டும் ஒவ்வோர் அளவில் விழும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். 1 கிராம் எண்ணெய்க்கு 9 கிராம் ஜொஜோபா எண்ணெய், இது 10 வீதம். அதிலிருந்து 1 கிராம் எடுத்து மீண்டும் 9 கிராமில் கலந்தால் 1 வீதம். மண் வாடை அறவே தாங்காதவர்கள் 1 வீதத்தில் தொடங்கட்டும், தோலுக்கும் அதுவே முதல் படி. முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு புள்ளி தடவி 24 மணித்தியாலம் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மேலே போகலாம். நீர்க்காத எண்ணெயைத் தோலில் போட வேண்டாம்.

ஜொஜோபா கிடைக்காவிட்டால் பகுத்தெடுத்த தேங்காய் எண்ணெய், அதாவது எம்சிடி எண்ணெய், மணமில்லாமல் தெளிவாக இருக்கும். சமையல் தேங்காய் எண்ணெய் சரிவராது. அதன் மணம் பச்சோலியின் இனிப்பை மூடிவிடும், 24 பாகைக்குக் கீழே ஏசி அறையில் உறையும், சில மாதத்தில் சிக்கு வாடையும் வரும். பாமசி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் தொட வேண்டாம், அதற்கென்று ஒரு வாடை உண்டு, சேர்த்திருக்கும் பொருள்களும் சென்ட்டுக்கு உரியவை அல்ல. வொட்கா யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். 40 வீத அல்ககோல், மிச்சம் தண்ணீர். எண்ணெய் கலங்கிப் பிரிந்து நிற்கும், வொட்காவும் வீண்.

எண்ணெயோடு மாரடிக்க விருப்பமில்லாதவர்களுக்குத் தயாரான சென்ட்டுகளிலேயே ஒரு படிக்கட்டு இருக்கிறது. கீழ்ப்படியில் ஷனெலின் கோகோ மத்மொசெல், 2001. அதில் இருப்பது பகுத்து எடுத்த பச்சோலி, மண்ணும் கற்பூரமும் நீக்கப்பட்டது. பச்சோலி பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே இதைப் போட்டுத் திரிகிறவர்கள் ஏராளம். 2014இல் ஃபிர்மெனிக் நிறுவனம் சீனியைப் புளிக்கவைத்துச் செய்த கிளியர்வூட் என்ற பச்சோலி மணப் பொருள் சந்தைக்கு வந்த பிறகு, இந்தச் சுத்தமான பச்சோலி இன்னும் பரவலாகிவிட்டது. அடுத்த படி, தியெரி முக்ளேரின் ஏஞ்சல், 1992, ஒலிவியே கிரெஸ்ப் அமைத்தது. பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்ட்டோலைப் பச்சோலியோடு மோதவிட்ட துணிச்சல். கொழும்புப் பகலில் ஏஞ்சல் என்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். மாலைக்கு, அதுவும் அரை ஸ்பிரே. மூன்றாவது ஷனெலின் கோரமண்டல், 2007. சாம்பிராணி, வெள்ளைச் சொக்லேட், பச்சோலி. சாம்பிராணிப் புகையில் வளர்ந்த மூக்குக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை, ஒன்றே ஒன்றுதான் முகரக் கிடைக்கும் என்றால் இதைத் தேடுங்கள். அதன் மேலே செர்ஜ் லூட்டன்ஸின் பொர்னியோ 1834. 2005இல் வந்தது, கொக்கோவும் கற்பூரமும் முகத்துக்கு நேரே. கடைசிப் படி ரெமினிசென்ஸின் பச்சோலி, 1970ஆம் ஆண்டுச் சரக்கு, மூடிமறைத்தல் ஒன்றும் கிடையாது.

ஜிவான்ஷி ஜென்டில்மன் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1974ஆம் ஆண்டின் ஜென்டில்மன் பச்சோலி நிறைந்தது. 2017இல் அதே பெயரைத் தழுவி வந்தது வேறு அமைப்பு. பெயரைப் பார்த்து வாங்கிவிட்டுப் பச்சோலி எங்கே என்று தேட வேண்டாம். இவற்றை முழுப் போத்தலாக வாங்கவும் அவசரம் வேண்டாம். 2 மில்லிலீற்றர் மாதிரிக் குப்பி ஒன்றில் இருபது ஸ்பிரே அளவுக்கு இருக்கும், பழகிப்பார்க்க அது தாராளம்.

அணிவதற்கு வருவோம். வெப்பம் வாசனையைக் கிளப்பும், வியர்வை அதைக் கழுவும். கொழும்பில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் மூன்று நான்கு ஸ்பிரே கணக்கை இங்கே அப்படியே எடுக்க முடியாது. பச்சோலி உள்ள சென்ட் என்றால் ஒரு ஸ்பிரே, ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர், அவ்வளவே. அதுவும் கழுத்தில் வேண்டாம். மூக்குக்கு மிகக் கிட்ட இருக்கும் இடமும் முதலில் வியர்க்கும் இடமும் கழுத்துதான். குளித்து நன்றாகத் துவட்டிய பின் வயிற்றுப் பக்கம், அல்லது பருத்திப் பெனியனின் கீழ் ஓரம். துணியில் வாசனை தோலைவிட நேரம் நிற்கும், வியர்வையும் அவ்வளவு குழப்பாது. பட்டுச் சேலையில் நேரே அடிக்கக் கூடாது, கறை போகாது. உள்பாவாடை ஓரம் போதும். முத்து மாலை போடுகிறவர்கள் சென்ட் காய்ந்த பிறகு போடட்டும், அல்ககோல் முத்தின் பளபளப்பைக் கெடுக்கும்.

நேரம் இன்னும் முக்கியம். வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். மண்ணும் கற்பூரமும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும், காலி வீதியில் காலை ஏழரைக்கு நெருக்கியடித்து நிற்கும் 100ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு மரமும் இனிப்பும் மட்டுமே போகும். வாசற்படியில் நின்று அடித்துக்கொண்டு ஓடுவது பச்சோலிக்கு ஒத்துவராது. கோட்டைப் பக்கம் ஏசி அலுவலகங்களில் அடைத்த காற்றே சுற்றிச்சுற்றி வரும், அங்கே பாதி ஸ்பிரேயும் நாள் முழுக்கக் காணும்.

இருபது நிமிடத்தில் அணிந்தவரின் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி எதுவும் தெரியாமல் போகும். "மங்கிப்போச்சு" என்று மறுபடி அடிப்பதுதான் பச்சோலி போடுகிறவர்களின் பெரிய பிழை. மாடிப்படி இறங்கி வெளிக்காற்றில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். அருகில் இருப்பவருக்குத் தலையிடி, இழுப்பு என்றால் அங்கே வாதம் கிடையாது, கழுவிவிட வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் மட்டும் போதாது. முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சவர்க்காரம் போட்டால் பெரும்பகுதி போகும்.

முதல் அரை மணித்தியாலத்தை அழகாக மறைக்கும் ஒரு எளிய கலவை. 10 கிராமுக்கு, பச்சோலி 0.20, சந்தன எண்ணெய் 0.40, வெட்டிவேர் எண்ணெய் 0.05, வடித்த தேசிக்காய் எண்ணெய் 0.15, ஜொஜோபா 9.20. பாரமானவற்றை முதலில் கலந்து ஜொஜோபாவைக் கடைசியில் ஊற்றி, இரண்டு கிழமை இருட்டில் வைத்துவிடுங்கள். தேசிக்காயின் புளிப்பு கற்பூரக் குத்தை மூடும், அது போகும் நேரத்துக்குச் சந்தனம் மண்ணைத் தாங்கிக்கொள்ளும். வெட்டிவேரைக் கூட்டினால் அதுவும் மண், இதுவும் மண், சேறாகிவிடும். சந்தனத்தின் விலை கட்டாவிட்டால் வர்ஜீனியா சிடார் போடலாம், கலவை வறண்டதாக வரும். தேசிக்காய் எண்ணெய் வாங்கும்போது வடித்ததா, தோலைப் பிழிந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். பிழிந்த எண்ணெய் பட்ட தோலில் வெயில் விழுந்தால் எரிந்து கறுக்கும். வடித்ததில் அந்தத் தொல்லை இல்லை.

கறுவாப்பட்டை எண்ணெயையும் கிராம்பு எண்ணெயையும் சேர்க்கச் சொல்லி ஊர்ப் பெருமை தூண்டும். இரண்டும் தோலைக் கடிக்கும், தவிர்ப்பது நல்லது. சாம்பிராணிப் பிசின் ஜொஜோபாவில் சரியாகக் கரையாது, அடியில் பசையாய்ப் படியும். அந்தச் சேர்க்கை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடும்போது பச்சோலி தடவிய கைக்குட்டையை அந்த அறையில் விரித்து வையுங்கள். புகைந்து எரியும் பச்சோலி ஊதுபத்தியைக் கொண்டு மட்டும் எண்ணெயை எடைபோடாதீர்கள். எரிந்த குச்சியின் வாடைதான் அதில் பாதி.

வாங்கும்போது தாவரப் பெயர், விளைந்த நாடு, வடித்த முறை மூன்றையும் கேளுங்கள். புறக்கோட்டையில் பச்சோலி அத்தர் என்று கிடைப்பவற்றில் பல, செயற்கைப் பொருள்களைச் சேர்த்து நீர்த்தவை. எல்லாமே மோசம் என்றில்லை, ஆனால் இந்தப் பழகும் முறைக்கு உதவாது, ஏனென்றால் அவை மாறுவதே இல்லை. மாலையில் என்ன மணமோ காலையிலும் அதே மணம், அல்லது காலையில் வெறும் தாள். அசல் எண்ணெயில் கலப்படமாகக் குர்ஜுன் பால்சம் (ஒரு மரப் பிசின்), சிடார் மர எண்ணெய், தாவர எண்ணெய்கள் வரும். சிடார் கூடினதென்றால் சில மணித்தியாலத்தில் பென்சில் சீவல் வாடை முன்னுக்கு வரும். தாவர எண்ணெய் பட்டியில் என்றும் காயாத எண்ணெய் வட்டம் ஒன்றை விடும். பச்சோலி தானே பல நாள் ஈரமாக நிற்கும் என்பதால், இரண்டு மூன்று கிழமை பொறுத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்லலாம். திறமையாகச் செய்த கலப்படத்தை மூக்கால் பிடிக்க முடியாது, அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

நல்ல பச்சோலி எண்ணெய் வருடக்கணக்கில் பழுதாகாது. மாறாக முன்வாடை அடங்கி உருண்டு திரண்டு வரும். அதனால் 10 மில்லிலீற்றர் வாங்கினால் பாதியைத் திகதி எழுதி ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம். தயாரான சென்ட்டுக்கு இது பொருந்தாது. அதன் மேலிருக்கும் தோடை, தேசி வகைகள் முதலில் கெடும், பிறகு பச்சோலி தனியே உரத்து நிற்கும். பழைய போத்தல் முன்னையைவிட மண்ணாய் மணக்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். குளியலறைத் தட்டும் கடற்கரைப் பக்கத்து ஜன்னலும் இரண்டுக்கும் எதிரி. குளிர்சாதனப் பெட்டிக்குள் எண்ணெய் தடித்துப்போய்ப் போத்தலிலிருந்து ஊற்ற வராது, அப்படியானால் உள்ளங்கையில் பத்து நிமிடம் வைத்தால் இளகும். கபில நிறக் கண்ணாடிப் போத்தல், கழுத்துவரை நிரப்பியது, இறுகும் மூடி. ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாயோடு விற்கிறார்கள் என்றால் வீட்டுக்கு வந்தவுடன் சாதாரண மூடிக்கு மாற்றிவிடுங்கள், எண்ணெய் ஆவி ரப்பரை இளக்கிவிடும், அந்த ரப்பர் வாடை எண்ணெயில் இறங்கினால் எடுக்கவே முடியாது.